திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம்: 184 கிலோமீட்டரும் ஒரு முழுப் பகலும்

திருத்துறைப்பூண்டியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ரயில், ஆம்னி பஸ், விமானம் எல்லாம் உண்டு, கூடவே ஜெராக்ஸ். வருகிறவர்களில் பாதிப் பேர் டிக்கெட் எடுக்க வருவதில்லை, விவரம் கேட்டுப் போகத்தான் வருகிறார்கள். 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் விட்டதிலிருந்து அதிகம் வருகிற கேள்வி இதுதான்: "திருச்சியிலேர்ந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும்?"

இரண்டு எண்ணைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் நம் பக்கத்து ஆட்களுக்கு அந்த இரண்டு எண் மட்டும் போதாது. வேதாரண்யம், முத்துப்பேட்டை, தலைஞாயிறு, கோடியக்காடு என்று கீழ்க்கோடியில் இருக்கிறவர்கள் நாம். நமக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். அதைக் கொஞ்சம் விரிவாக எழுதி வைத்துவிட்டால் கேட்கிறவர்களுக்கு அனுப்பவாவது உதவும் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் தூரம். திருச்சி விமான நிலையத்திலிருந்து பலாலியில் இருக்கும் யாழ்ப்பாண விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 184 கிலோமீட்டர். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் 114 என்று இருக்கும், இன்னொரு பக்கம் 99 என்று இருக்கும். எல்லாம் ஒரே தூரம்தான். 114 என்பது சாதாரண மைல், 99 என்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கப்பல் ஓட்டுகிறவர்களும் விமானம் ஓட்டுகிறவர்களும் அதில்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

அடுத்து நேரம். இந்தத் தடத்தில் ஓடுவது ஏடிஆர் 72 வகை விமானம். இறக்கையில் விசிறி சுற்றுமே, அந்தச் சின்ன விமானம். ஒரு பக்கம் இரண்டு சீட்டு, மறு பக்கம் இரண்டு சீட்டு, மொத்தம் 78 பேர். நன்றாக மேலே ஏறிவிட்டால் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அப்படியானால் 184 கிலோமீட்டருக்கு 22 நிமிடம்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் பாடம் தெரிந்த பையன்கள் கேட்பார்கள். டிக்கெட்டிலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று இருக்கும். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்திலிருந்து நகர ஆரம்பிப்பதிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி வந்து நிற்கும் வரைக்குமான நேரம் அது. ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போக வேண்டும், முன்னால் ஒரு விமானம் இறங்கினால் காத்திருக்க வேண்டும். கிளம்பிய பிறகும் உடனே 500 வேகம் வந்துவிடாது. மேலே ஏறுகிற வரைக்கும் வேகம் குறைவுதான். இறங்கும்போதும் அப்படியே, பத்து நிமிடத்துக்கு முன்பிருந்தே வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் வரும். காற்று எந்தத் திசையில் அடிக்கிறதோ பெரும்பாலும் அதை எதிர்த்துத்தான் ஏறுவதும் இறங்குவதும் என்பதால் சில நாள் போக வேண்டிய திசைக்கு நேர் எதிராகக் கிளம்பித் திரும்ப வேண்டியிருக்கும். இதெல்லாம் சேர்ந்தால் காற்றில் இருக்கும் நேரம் 35, 40 நிமிடம். தரையில் ஊர்வதையும் சேர்த்தால் டிக்கெட்டில் இருக்கும் கணக்கு வந்துவிடும்.

இதே காரணத்தால்தான் திருச்சி – சென்னை 294 கிலோமீட்டர் இருந்தும் அதற்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்றே போடுகிறார்கள். ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாத் தடத்துக்கும் பொது. நடுவில் வேகமாகப் போகிற துண்டு மட்டும்தான் கூடக் குறைய இருக்கும். 110 கிலோமீட்டர் அதிகம் என்றால் 13 நிமிடம், அவ்வளவுதான். இன்னொன்று, பெங்களூரு சென்னையைவிட ரொம்பத் தூரம் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த நினைப்பு அது. திருச்சியிலிருந்து பெங்களூரு விமான நிலையம் நேர்கோட்டில் 290 கிலோமீட்டர். சென்னையும் பெங்களூரும் நமக்கு ஒரே தூரம்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு வேறு ஒரு குழப்பம் வரும். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது கடிகாரம். திருச்சியிலிருந்து 2,980 கிலோமீட்டர், பயணம் நாலு மணி நேரம்தான். ஆனால் டிக்கெட்டில் கிளம்பும் நேரத்துக்கும் சேரும் நேரத்துக்கும் ஆறரை மணி நேரம் இடைவெளி தெரியும். திரும்பி வரும் டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுவது மாதிரி இருக்கும். எந்த நேரம் போட்டிருந்தாலும் அது அந்தந்த ஊர் நேரம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். யாழ்ப்பாணத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 1996லிருந்து பத்து வருடம் இலங்கையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். 2006ல் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டார்கள். அங்கேயும் இங்கேயும் இப்போது ஒரே மணி.

சரி, இனிமேல்தான் நம் கதை.

வேதாரண்யத்திலிருந்து பலாலி நேர்கோட்டில் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 68 கிலோமீட்டர். கோடியக்கரையிலிருந்து பார்த்தால் 60கூட வராது. வேதாரண்யத்திலிருந்து திருவாரூருக்கு பஸ்ஸில் போகிற தூரம் மாதிரிதான். அந்தக் காலத்தில் ராத்திரி பாய்மரத்தை விரித்தால் விடிவதற்குள் அக்கரை என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். எங்கள் வீட்டு ரேடியோவில் சென்னை வானொலி கரகரக்கும், இலங்கை வானொலி பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். அவ்வளவு பக்கம்.

அந்த ஊருக்குத்தான் என் அக்கா மகளைக் கொடுத்திருக்கிறோம். திருச்சியில் படிக்கும்போது பழக்கமாகி, இரண்டு வீட்டிலும் பேசி நடந்த கல்யாணம். மாப்பிள்ளை வீடு மானிப்பாய். போன ஆவணியில் குழந்தை பிறந்தது. "மாமா, அம்மாவைத் தனியா அனுப்பாதீங்க, நீங்களே கூட்டிட்டு வாங்க" என்று போன் வந்ததும் டிக்கெட் போட்டேன். அக்காவுக்கு வேதாரண்யத்தைத் தாண்டினால் தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரி, வைத்தீஸ்வரன் கோயில், அவ்வளவுதான் உலகம். அதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

மதியத்தை ஒட்டிக் கிளம்பும் விமானம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுவதுதான் நல்லது. அதனால் விடியற்காலை அஞ்சு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை.

"அரை மணி நேரத்துல போயிடும்னு நீதானே சொன்ன? அதுக்கு எதுக்குடா அஞ்சு மணிக்கு?"

"திருச்சி போகணுமேக்கா."

"யாழ்ப்பாணம் இந்தப் பக்கம் இருக்கு, திருச்சி அந்தப் பக்கம் இருக்கு. அங்க எதுக்குப் போகணும்?"

வாசலில் நின்று கையைக் கிழக்கே ஒரு தரம், மேற்கே ஒரு தரம் நீட்டிக் கேட்டது. அக்கா கேட்டது சரியான கேள்வி. இந்தப் பதிவே அந்தக் கேள்விக்காகத்தான்.

வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, வடுவூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி 155 கிலோமீட்டருக்குக் குறையாது. தஞ்சாவூர் வரைக்கும் ஒவ்வொரு ஊரிலும் கடைத்தெருவுக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும், அறுவடை நாளாக இருந்தால் நெல் மூட்டை லாரி வேறு. தஞ்சாவூரைத் தாண்டிவிட்டால் நாலு வழிச் சாலை. விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டில் இருப்பதால் திருச்சி ஊருக்குள் போகத் தேவையில்லை. துவாக்குடியில் அரைவட்டச் சாலையில் திரும்பி மாத்தூர் போய் அங்கிருந்து வந்துவிடலாம். காரில் போனாலே நாலு மணி நேரம். பஸ் என்றால் இரண்டு மூன்று இடத்தில் மாற வேண்டும், மூட்டை முடிச்சோடு அது ஆகிற காரியம் இல்லை. திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி அகலப்பாதையில் 2023 ஏப்ரலிலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது, மகிழ்ச்சி. ஆனால் காலையில் திருச்சி விமானத்தைப் பிடிக்க அதை நம்பி யாருக்கும் நான் டிக்கெட் போட்டுக் கொடுப்பதில்லை.

இந்த வழியைப் பற்றிப் பேசினால் எனக்கு 1930 நினைவுக்கு வரும். ராஜாஜியும் தொண்டர்களும் உப்பெடுக்க வந்தது இந்தப் பக்கமாகத்தான். ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியில் புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, எங்கள் திருத்துறைப்பூண்டி எல்லாம் தொட்டு 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். சுற்றி வந்ததால் 150 மைல் நடை. சோறு போட்டாலே தண்டனை என்று கலெக்டர் மிரட்டியும் வழியெல்லாம் சோறு போட்டவர்கள் நம் ஊர்க்காரர்கள். அதே வழியில்தான் அக்கா அன்றைக்குக் காரின் பின் சீட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தது.

புறப்படுகிற அன்றைக்கு முந்தின நாள் முழுக்கப் பெட்டி கட்டுகிற வேலை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாமான் கொண்டு போகாமல் எந்த அம்மா போவாள்? சுக்கு, திப்பிலி, ஓமம், பூண்டு லேகியம் ஒரு டப்பா, விளக்கெண்ணெய் ஒரு பாட்டில். எண்ணெய், லேகியம் எல்லாம் கையில் எடுத்துப் போகிற பையில் விடமாட்டார்கள் என்பதால் எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் வைத்தேன். குழந்தைக்கு வசம்பை வட்டம் வட்டமாக நறுக்கி, நடுவில் ஓட்டை போட்டு, கறுப்புக் கயிற்றில் கோத்து இரண்டு வளையல். அதை மட்டும் அக்கா பெட்டியில் வைக்க மாட்டேன் என்றது. மஞ்சள் துணியில் முடிந்து மணிபர்ஸுக்குள் வைத்துக்கொண்டது. பெட்டியைத் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் ஏற்றி எடை பார்த்துக்கொண்டோம். இது எல்லாருக்கும் சொல்கிற யோசனை. விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டு பெட்டியைப் பிரித்துச் சேலையை வெளியே எடுக்கிற சங்கடம் யாருக்கும் வேண்டாம்.

விடியற்காலையில் தோட்டத்தில் பறித்த முல்லை அரும்பு ஒரு கூடை நிறைய வந்திருந்தது. எங்கள் பக்கம் முல்லைதான் பிழைப்பு. ஒரு பந்து கட்டி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போகலாம் என்பது அக்காவின் ஆசை. பச்சைப் பூ, செடி, விதை எல்லாம் நாடு விட்டு நாடு கொண்டு போவதில் சட்டதிட்டம் இருக்கிறது, வேண்டாம் என்றேன். தலையில் வைத்துக்கொள்வதை யார் கேட்கப் போகிறார்கள் என்று இரண்டு முழத்தையும் தலையிலேயே வைத்துக்கொண்டது.

ஒன்பது மணி சுமாருக்குத் திருச்சி விமான நிலையம். புது முனையத்தை 2024 ஜனவரியில் பிரதமர் திறந்து வைத்தார், ஜூனிலிருந்து விமானங்கள் அங்கிருந்துதான். நல்ல பெரிய கட்டடம். சுவரெல்லாம் கோபுரமும் கோலமுமாக வரைந்திருக்கிறார்கள். அக்கா ஸ்ரீரங்கத்துக்கு வந்த மாதிரி ஒவ்வொன்றாக நின்று பார்த்தது. எனக்கு அப்போது தோன்றிய கணக்கு ஒன்றுதான். காலையில் வீட்டு வாசலில் நின்றபோது யாழ்ப்பாணம் எங்களுக்கு 68 கிலோமீட்டர். நாலு மணி நேரம் ஓடி வந்த பிறகு 184 கிலோமீட்டர். அரை நாள் பயணம் செய்து, போக வேண்டிய ஊரிலிருந்து தள்ளி வந்திருக்கிறோம்.

ஜன்னல் சீட்டு பற்றி ஒரு வார்த்தை. திருச்சியிலிருந்து போகும்போது இடது பக்க ஜன்னல், அதாவது ஏ வரிசை கேட்டு வாங்குங்கள். ஏடிஆரில் இறக்கை தலைக்கு மேலே இருக்கும் என்பதால் கீழே பார்ப்பதற்கு மறைப்பு குறைவு. விமானமும் ரொம்ப உயரம் போகாது, அதனால் ஊரும் ஏரியும் அடையாளம் தெரிகிற அளவுக்குப் பெரிதாக இருக்கும். தஞ்சை மாவட்டத்துக்காரர் யாராக இருந்தாலும் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தப் பக்கமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆவணி மாதம், மேல்காற்று. அதனால் விமானம் மேற்கே பார்த்துக் கிளம்பி, ஏறிக்கொண்டே இடது பக்கம் திரும்பித் தென்கிழக்கைப் பிடித்தது. முதலில் புதுக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்கள். செம்மண்ணில் அங்கங்கே தண்ணீர். அப்புறம் கந்தர்வகோட்டை வாக்கில் நிறம் மாற ஆரம்பித்தது. வானம் பார்த்த பூமி முடிந்து ஆற்றுத் தண்ணீர் பாயும் பூமி தொடங்குகிற இடம் மேலிருந்து அவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கல்லணைக் கால்வாய், நாம் புது ஆறு என்று சொல்வது, மேட்டூர் அணையோடு சேர்த்து 1934ல் முடித்த வாய்க்கால். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி எல்லாம் அதை நம்பித்தான். அதற்கு அந்தப் பக்கம் காய்ந்த நிறம், இந்தப் பக்கம் பச்சை. நாற்றங்கால் இளம்பச்சையாகத் துண்டு துண்டாகவும், நடவு முடிந்த வயல் கரும்பச்சையாகவும் தெரிந்தது.

பட்டுக்கோட்டை நெருங்க நெருங்கத் தென்னந்தோப்புகள். கஜா புயல் 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை வேதாரண்யத்தில் கரையேறி இந்த வழியாகத்தான் உள்ளே போனது. அந்தத் தோப்புகள் எல்லாம் ஒரே ராத்திரியில் விழுந்தவை. இப்போது பார்த்தால் பெரிய மரமும் சின்ன மரமும் கலந்து கிடக்கிறது. சின்னதெல்லாம் புயலுக்கு அப்புறம் வைத்த கன்றுகள். அக்கா வீட்டில் அன்றைக்குப் போனது மாந்தோப்பு. ஜன்னலில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு "எல்லாம் திரும்ப வச்சிட்டானுவோ பாரு" என்றது. அவ்வளவுதான் பேசியது, ஆனால் அந்தத் தோப்புகள் பார்வையிலிருந்து மறைகிற வரைக்கும் திரும்பவில்லை.

மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவில் கரை முடிந்தது. திருச்சியிலிருந்து கிளம்பி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. இடது பக்கம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, கரும்பச்சைப் போர்வைக்கு நடுவே சேற்று நிறத்தில் லகூன். அதற்கும் அப்பால் நிலம் மெலிந்து மெலிந்து கிழக்கே போகிறது. அதன் முனைக்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளையாகக் கட்டம் கட்டமாக ஏதோ பளிச்சென்று தெரிந்தது.

"அக்கா, அது உப்பளம். அகஸ்தியம்பள்ளி."

"நம்ம உப்பளமா?"

"ஆமாக்கா. அதுக்கு இந்தப் பக்கம்தான் உன் வீடு."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காலையில அங்கதானேடா காபி குடிச்சோம்" என்றது.

பாக் நீரிணை மேலே பறப்பது ஏறத்தாழ 95 கிலோமீட்டர். கடல் ஆழம் குறைவு, தண்ணீர் பச்சையும் நீலமுமாக மாறி மாறி வரும். நடுக்கடலுக்கு அப்பால் வான்வழிக் கட்டுப்பாடு சென்னையிலிருந்து கொழும்புக்கு மாறிவிடும். அறிவிப்பு வந்து பெல்ட் போடச் சொன்னபோது தண்ணீர்கூடக் குடித்து முடிக்கவில்லை. வலது பக்கம் தீவுகள், பிறகு பனைமரம், பனைமரம், சிவப்பு மண், இறங்கிவிட்டோம்.

பலாலி பெரிய விமான நிலையம் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்ட களம். 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தொடங்கியபோது அதன் முதல் பயணமே ரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்கு வந்ததுதான். அதாவது யாழ்ப்பாணத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வான்வழி என்பது நேற்று வந்தது இல்லை. சண்டைக் காலத்தில் அந்த வட்டாரமே ராணுவத்தின் கையில் போய், ஊர்க்காரர்களே உள்ளே போக முடியாமல் கிடந்தது. 2019 அக்டோபரில்தான் பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தார்கள். முதலில் சென்னைக்கு, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கி, இப்போது திருச்சிக்கும். எத்தனை குடும்பங்கள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போன ஊர் இது. திருச்சியிலிருந்து கொழும்பு விமான நிலையமே 417 கிலோமீட்டர், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி ஏறத்தாழ அதே அளவு திரும்பி வடக்கே வர வேண்டும். அதோடு ஒப்பிட்டால் இந்த 184 கிலோமீட்டர் விமானம் எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். இந்தச் சேவை நிற்காமல் ஓட வேண்டும் என்று நான் மனசார ஆசைப்படுகிறேன்.

குடியேற்றச் சோதனையில் முன்கூட்டியே இணையத்தில் வாங்கிய பயண அனுமதியைக் காட்டி, பெட்டி எடுத்து, வெளியே வந்து, அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் மானிப்பாய். வாசலிலேயே சம்பந்தியம்மா நின்றிருந்தார்கள். "வாங்கோ, வாங்கோ. நல்லாக் களைச்சுப் போனியளோ? பக்கத்திலதானே இருக்கிறியள்!" பக்கம்தான். காலை அஞ்சு மணிக்குக் கிளம்பி மூன்று மணிக்கு வந்து நிற்கிறோம். பத்து மணி நேரத்தில் காற்றில் இருந்தது முக்கால் மணி நேரம்கூட இல்லை. அக்கா கைகால் கழுவிவிட்டு உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கியபோது தலையில் இருந்த முல்லை இன்னும் பாதி அரும்பாகத்தான் இருந்தது. வசம்பு வளையலை அப்போதே எடுத்து மாட்டியாயிற்று.

மேல்காற்று அடிக்கிற மாதத்தில் திரும்பி வரும்போது எதிர்க்காற்று, அதனால் பறக்கும் நேரம் சில நிமிடம் கூடும். அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். கவனிக்க வேண்டியது திருச்சியில் இறங்கிய பிறகு இருக்கும் நாலு மணி நேரத்தைத்தான். வயதானவர்களோடு வந்தால் கார் ஏற்பாடு முன்னாலேயே செய்துவிடுங்கள். சாப்பாட்டுக்குத் தஞ்சாவூர் வரை காத்திருக்க வைக்காதீர்கள்.

இவ்வளவு சொன்னால் எல்லாரும் கேட்பது கப்பல் பற்றி. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது, சில நாளிலேயே நின்றது, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி வந்தது. கடலில் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். வேதாரண்யத்திலிருந்து நாகை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வேகத்தைப் பார்த்தால் விமானத்துக்குப் பக்கத்தில் கப்பல் நிற்க முடியாது. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டால் நம் பக்கத்து ஆட்களுக்குக் கப்பல்தான் முந்தும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வந்துவிட்டால் கடல் கொந்தளிக்கும், கப்பல் ஓடாது. கடல் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் என்றால் நல்ல நாளிலும் கஷ்டம். கும்பகோணம், தஞ்சாவூர்க்காரர்கள் என்னைக் கேட்டால் விமானம் என்பேன். நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்றால் பங்குனியிலிருந்து புரட்டாசி வரை கப்பலையும் ஒரு தரம் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பேன்.

விமானத்துக்கு இன்னும் வேகம் கூட்டினால் நமக்கு ஒரு பலனும் இல்லை. 35 நிமிடத்தை 30 ஆக்குவதால் என்ன ஆகிவிடப் போகிறது? வேதாரண்யத்திலிருந்தும் நாகையிலிருந்தும் விடியற்காலையில் ஒரு பஸ், மன்னார்குடி, தஞ்சாவூர் வழியாக நேரே விமான நிலைய வாசலுக்கே போகிற மாதிரி விட்டால் போதும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவுக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகக் கார் பிடித்துக் கொடுக்கிற வாடகை, சில சமயம் யாழ்ப்பாண டிக்கெட்டுக்குச் சமமாக வந்துவிடுகிறது. கடையில் இதைப் பற்றி ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வருகிறவர்கள் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

மாசி மாதம் குழந்தைக்கு முடியிறக்க எல்லாரும் இங்கே வருகிறார்கள், குலதெய்வம் கோயில் எங்கள் பக்கம்தான் என்று மாப்பிள்ளை வீட்டிலும் சம்மதித்துவிட்டார்கள். கப்பலா விமானமா என்று அக்கா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டது. வாடை ஓய்ந்திருந்தாலும் கைக்குழந்தையோடு நாலு மணி நேரம் கடலில் வேண்டாம் என்று விமானமே போட்டிருக்கிறேன். வழியில் தஞ்சாவூரில் சொந்தக்காரர் வீட்டில் குழந்தையைக் கொஞ்ச நேரம் தூங்க வைத்துவிட்டுக் கிளம்பினால் ராத்திரிக்குள் வேதாரண்யம்.